குறி வெட்டிய துணி

ஒரு துணியின் சாயம் நிற்குமா, ஓடுமா என்று தெரிய வேண்டுமானால் அதன் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிப் பார்க்க வேண்டும். நாக்கு கசந்தால் ஓடும். துப்புகிற எச்சிலில் நிறம் தெரிந்தால் சொல்லவே வேண்டாம். துணி வெளுக்கிற எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம். பார்க்காமல் விட்டால் ஒருத்தர் வீட்டுச் சிவப்பு இன்னொருத்தர் வீட்டு வெள்ளையில் ஏறிவிடும். ஏச்சு வாங்குவது நாங்கள். அதனால் பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில், மேசைமேல் கிடந்த ஒரு சிவப்புத் துணியை எடுத்து நான் வாயில் வைத்தபோது, தப்புச் செய்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ஐயே, எச்சி!" என்று மற்ற ஏழு பெண்களும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"எதுக்குக் கத்துதீங்க? இது ஓடுற சாயம். கொதிக்கிற தண்ணி வேண்டாம், பச்சத் தண்ணிக்கே ஓடும்" என்றேன்.

அந்தச் சிவப்புக்குச் சொந்தக்காரி பெரிய வீட்டுப் பெண். திரை கட்டிய வில்வண்டியில் பள்ளிக்கு வருகிறவள். அவளை நான் 'நீங்க' என்றுதான் பேச வேண்டும். அவள் என்னை 'ஏட்டி' என்பாள். அது யாரும் எழுதிவைக்காத சட்டம். அவள் துணியை என் கையிலிருந்து பிடுங்கவில்லை. "அது ஒங்கிட்டயே இருக்கட்டும். வெளுக்குறவ வாயில பட்டத நான் எப்படித் தொட?" என்றாள். மறுநாள் அதே சிவப்பில் வேறு துண்டு கொண்டுவந்தாள். நான் சப்பிய துண்டு குப்பைக் கூடைக்குப் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. முப்பதுகளின் கடைசி. தென்காசியில் மிஷன்காரர்கள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம், மேல் வகுப்பில் நாங்கள் எட்டே பேர். தையல் சொல்லிக்கொடுத்தது ஒரு வெள்ளைக்கார அம்மாள்; மிஸ்ஸியம்மா என்போம். நன்றாகத் தமிழ் பேசுவார், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் துடைத்துத் துடைத்து எடுத்து வைப்பார். அந்த வருஷம் அவர் தம் ஊரிலிருந்து வந்த ஒரு போர்வையை விரித்துக் காட்டினார். சின்னத் துணித்துண்டுகளை ஒட்டிச் சதுரம் சதுரமாகத் தைத்தது. ஒரு சதுரத்தில் நட்சத்திரம், ஒன்றில் காற்றாடி, ஒன்றில் கூடை. ஒன்று போல இன்னொன்று இல்லை. ஒருத்திக்கு என்னென்ன தையல் தெரியும் என்று ஒரே போர்வையில் காட்டுகிற மாதிரிப் போர்வை அது என்றார். நாங்களும் ஆளுக்கொன்று, ஒன்பது சதுரத்தில் தைக்க வேண்டும். துணியும் நிறமும் எங்கள் இஷ்டம். சாரல் காலத்தில் குற்றாலத்து மிஷன் பங்களாவில் பரீட்சை. முதலாவதாக வருகிறவளுக்குப் பாளையங்கோட்டையில் தையல் டீச்சர் படிப்புக்கு ஓர் இடம், தங்கலும் சாப்பாடும் அங்கேயே.

"ஒட்டுப்போட்ட துணிக்கு இம்புட்டுப் பவுசா!" என்று எங்கள் அம்மா சிரித்தாள். "நம்ம ஊருல ஒட்டுப்போட்டா மறைச்சுல்லா உடுத்துவாவ. அந்த அம்மா பரிசு குடுக்காளாமே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆலங்குளத்து மாமா தை மாதமே வெற்றிலை பாக்கோடு வந்து, தன் மகனுக்கு என்னைக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். மாமா மகன் நல்லவன்தான். ஆனால் அங்கேயும் இதே வெள்ளாவிப் பானை, இதே கழுதை, இதே அழுக்கு மூட்டை. "பரீட்சை முடியட்டும் மச்சான்" என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். இடம் கிடைத்தால் பாளையங்கோட்டை, கிடைக்காவிட்டால் ஆவணியில் ஆலங்குளம். நடுவில் வேறு வழி கிடையாது.

வீட்டில் கிடக்கும் துணிகளைக் கொண்டுவாருங்கள் என்றார் மிஸ்ஸியம்மா. எங்கள் வீட்டில் துணிக்கா பஞ்சம்? நடக்க இடமில்லாமல் கிடந்தது. அதில் ஒரு முழம்கூட எங்களுடையதில்லை.

நான் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதை மிஸ்ஸியம்மா பார்த்தார். ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிவந்து என் முன்னால் திறந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கென்று அவர் ஊர்ச் சபையார் அனுப்பிய துண்டுகள். வெளிறிய ரோஜாப்பூ, வெளிறிய நீலக்கோடு, பாலில் ஒரு சொட்டு மஞ்சள் விட்டதுபோல் ஒரு மஞ்சள். "இதிலிருந்து எடுத்துக்கொள், மகளே. வெட்கப்படாதே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பு என்னை அந்தப் பெரிய வீட்டுப் பெண் சுட்டதைவிட அதிகமாகச் சுட்டது.

"வெக்கம் ஒண்ணும் இல்ல மிஸ்ஸியம்மா. எங்கிட்டத் துணி இருக்கு" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. வீட்டுக்கு நடக்கும்போதுதான் எந்தத் துணி என்று யோசித்தேன். அப்போது அந்த மரப்பெட்டி ஞாபகம் வந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டில் பெண் சடங்காகிவிட்டால், அதாவது வயதுக்கு வந்துவிட்டால், அப்போது அவள் உடுத்தியிருந்த துணியை அந்த வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். வெளுக்கிறவள் வந்து எடுத்துப்போக வேண்டும். அது அவளுக்கே சொந்தம். பிள்ளை பெற்ற சேலையும் அப்படி, செத்தவர் மேலிருந்த வேட்டியும் அப்படி. கொடுத்தவர்கள் திரும்பக் கேட்கமாட்டார்கள், கண்ணால் பார்க்கவும் விரும்பமாட்டார்கள். அம்மா அவற்றை உவர்மண் போட்டு ஊறவைத்து, மூன்று முறை வெள்ளாவியில் அவித்து, சிற்றாற்றில் அலசிக் காயவைப்பாள். சாதாரணமானதை நாங்கள் உடுத்துவோம். மிக நல்லதை உடுத்த முடியாது, "யாரு வீட்டுச் சீலைட்டி அது?" என்று தெருவே கேட்கும். அதனால் மிக நல்லதெல்லாம் பெட்டிக்குள் கிடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துணி மாறாமலிருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. சேங்கொட்டைப் பாலைத் தொட்டு ஓரத்தில் வைத்தால் துணி கிழியும்வரை அது போகாது. பெரிய வீட்டுக் குறி ஒரு வட்டமும் கீழே இரண்டு புள்ளியும். துணி எங்களுக்குச் சொந்தமாகிவிட்டால், அம்மா அந்தக் குறியின்மேல் குறுக்காக ஒரு கோடு இழுப்பாள். குறி வெட்டுவது என்போம். வெட்டினால் எங்களுது. அவரவர் வீட்டுக் குறி அவரவருக்குத் தெரியும்; இந்தக் குறுக்குக் கோட்டை மட்டும் வெளுக்கிறவர்களைத் தவிர யாருக்கும் வாசிக்கத் தெரியாது.

அன்று சாயங்காலம் பெட்டியைக் கவிழ்த்துத் தரையில் பரப்பினேன். அப்பப்பா, என்ன நிறங்கள்! ஒரு மளிகைக்கடைக்காரர் மனைவியின் பேறுகாலச் சேலை, மாம்பழ மஞ்சள். மயில்கழுத்து நிறத்தில் ஒரு தாவணி. செத்துப்போன வைத்தியர் ஒருவரின் வேட்டியில் நாலு விரல் அகலத்துக்குக் கிளிப்பச்சைக் கரை. கருநீலத்தில் ஒரு கட்டம்போட்ட சேலை. எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அரக்குப் பாவாடை, மாங்காய்க் கரை போட்டது. பெரிய வீட்டுப் பெண்ணின் சடங்குப் பாவாடை. இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கத்தரிக்கோலை எடுத்தேன்.

"ஏட்டி, கூறு கெட்டுப்போச்சா ஒனக்கு?" என்று அம்மா ஓடிவந்தாள். "இதப் போயா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவ? தெரிஞ்சா உரிச்சுப்போடுவாவ."

"நீதான குறி வெட்டுன? வெட்டுனா நம்மளுதுன்னு நீதான சொல்லுவ?"

"நம்மளுதுதான். ஆனா அது நம்ம வீட்டுக்குள்ள."

"அப்பம் வாசலத் தாண்டுனா நம்மளுது இல்லியா?"

அம்மா சம்மணம் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் மயில்கழுத்துத் தாவணியின் ஓரத்தை எடுத்துச் சப்பினாள். கொஞ்சநேரம் நான் துண்டுகளை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பொறுக்கமுடியாமல், "கருநீலத்த நடுவுல வைக்காத, எல்லாத்தயும் முழுங்கிரும். அரக்குக்குப் பக்கத்துல மஞ்சள வை" என்றாள். வைத்துப் பார்த்தேன். அறையே வெளிச்சமானது.

நடுச் சதுரத்துக்கு என்ன துணி என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு முரட்டுச் சீட்டித் துணி, நான் சடங்கானபோது உடுத்தியிருந்தது. அதை எடுத்துப்போக யார் வந்தார்கள்? ஊருக்கே வெளுக்கிறவள் வீட்டுக்கு வந்து வெளுக்க யார் இருக்கிறார்கள்? நானேதான் துவைத்தேன். அதுவும் போர்வையின் நடுவில் இருக்கட்டும் என்று எட்டுமுனை நட்சத்திரமாக வெட்டினேன்.

இரண்டு மாதம் தைத்தேன். மிஸ்ஸியம்மாவுக்கு என் நிறங்கள் பிடிக்கவில்லை. "மென்மையான நிறங்கள் கண்ணுக்கு அமைதி தரும். உன் போர்வை சத்தம் போடுகிறது" என்றார்.

"போடட்டும் மிஸ்ஸியம்மா" என்றேன்.

அரக்குச் சதுரத்தில், வெட்டிய குறி இருந்த மூலையை உள்ளே மடித்துத் தைத்திருக்கலாம். யார் கண்ணிலும் பட்டிருக்காது. நான் அதை மேலே தெரியும்படிதான் தைத்தேன். கூடைக்குள் கிடந்த அந்தச் சிவப்புத் துண்டு என் நினைவை விட்டுப் போகவில்லை. வீம்பு என்று சொல்வீர்கள். வீம்புதான்.

பரீட்சை நாளன்று குற்றாலத்தில் நல்ல சாரல். பங்களா வராந்தாவில் கயிறு கட்டி எட்டுப் போர்வைகளையும் தொங்கவிட்டிருந்தார்கள். மதிப்புப் போட வந்தவர் பாளையங்கோட்டையில் அந்தத் தையல் படிப்பை நடத்துகிற டீச்சரம்மா; வெள்ளைக்காரர் அல்ல, தமிழர். நல்ல குடும்பத்துக்காரர், நிமிர்ந்த நடை, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. ஒரு வாரமாக அந்த பங்களாவில்தான் தங்கியிருந்தார்; அவருடைய சேலைகளை வெளுத்ததும் எங்கள் அம்மாதான். ஒவ்வொரு போர்வையையும் புரட்டி முதுகுப்பக்கத் தையலைப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னுடையதைப் புரட்டியவர் நின்றுவிட்டார். விரலால் தடவினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சாரல் காற்று குளிராக அடித்தது. போர்வையைக் கயிற்றிலிருந்து உருவித் தம் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார்.

"ஒரு தையல்கூடக் கோணலா இல்ல. நிறம் பாருங்க, இந்த மழை மூட்டத்துல விளக்கு வச்ச மாதிரி இருக்கு. இதுதான் முதல்" என்றார்.

பாளையங்கோட்டை வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பெரிய வீட்டுப் பெண் பக்கத்தில் வந்து பார்த்தாள். மாங்காய்க் கரையைப் பார்த்தாள். குறியைப் பார்த்தாள். "எம் பாவாட!" என்று வீரிட்டாள். "இது எம் பாவாட! எங்க வீட்டுக் குறி! வெளுக்கப் போட்ட துணிய வெட்டித் தச்சிருக்கா, திருட்டு வண்ணாத்தி!"

மிஸ்ஸியம்மாவின் முகம் வெளுத்தது. "மகளே, உண்மையைச் சொல். எடுத்தாயா?" என்றார்.

நான் மாட்டிக்கொண்டது எனக்குப் புரிந்தது. குறுக்குக் கோடு இருக்கிறது, ஆனால் அது அங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து. திருடவில்லை என்று காட்ட வேண்டுமானால் அந்தத் துணி எப்படி எங்களுக்கு வந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால், டீச்சரம்மா தோளில் கிடப்பது என்ன என்றும் எல்லோருக்கும் தெரிந்துபோகும். வாயை மூடினால் திருடி, திறந்தால் தீட்டு. இரண்டிலும் இடம் போய்விடும். திருடி என்ற பெயரோடு மட்டும் நான் அந்தப் படியை விட்டு இறங்குவதாக இல்லை.

"ஏட்டி" என்றேன். அவளை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஒனக்குச் சடங்கான அன்னைக்கு இதத் தொடமாட்டேன்னு மூலையில தள்ளி வச்சது யாரு? எங்க அம்மையக் கூப்பிட்டு எடுத்துட்டுப் போன்னு சொன்னது ஒங்க அம்மையா, இல்லியா? குறிக்கு மேல கோடு கெடக்கு பாரு. அது நீங்க விட்ட துணி. நாங்க எடுத்த துணி."

அவள் தலை குனிந்துவிட்டது. அது எனக்குப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பொய் சொல்லவில்லை.

"சடங்கு என்றால் என்ன?" என்று மிஸ்ஸியம்மா கேட்டார். நானே விளக்கிச் சொன்னேன். மஞ்சள் யார் பிள்ளை பெற்ற சேலை, பச்சைக்கரை யார் செத்த வேட்டி என்பதையும் சேர்த்தே சொன்னேன். ஆரம்பித்த பிறகு எதற்குப் பாதியில் நிறுத்த வேண்டும்?

டீச்சரம்மா இரண்டு விரலால் போர்வையைத் தோளிலிருந்து எடுத்தார்.

அந்த இரண்டு விரல்! நான் போர்வையை அவர் கையிலிருந்து இழுத்துக்கொண்டு படி இறங்கினேன். பங்களாத் தோட்டத்தில் அருவித் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஒன்று உண்டு. அதில் போர்வையை முழுக்க முக்கி, கல்லில் நாலு அடி அடித்து, பிழிந்தேன். தண்ணீர் வந்தபடியே தெளிவாகப் போயிற்று.

"பாருங்க. இதுல என்ன ஒட்டியிருக்கு? டீச்சரம்மா, நீங்க உடுத்தியிருக்கியளே, அந்தச் சீலையும் எங்க பானையிலதான் வெந்துச்சு. இந்தத் துணியெல்லாம் வெந்த அதே பானை. ஊருக்கு ஒரு பானைதான். வேற யாராச்சும் அவங்கவங்க போர்வைய முக்கிக் காட்டுங்க, பாப்போம்."

யாரும் இறங்கி வரவில்லை. பெரிய வீட்டுப் பெண் தன் போர்வையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். சாரல் பட்டு அந்தச் சிவப்பு அவள் வெள்ளைத் தாவணியில் இறங்கிக்கொண்டிருந்தது.

டீச்சரம்மா படிவரை வந்து, "தையல் முதல் தரம், அதுல மாத்தமில்ல. ஆனா இந்தத் துணிய நான் பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டுபோக முடியாது. மிஸ்ஸியம்மா பெட்டியில சுத்தமான துணி இருக்கு. அதுல இதே ஒம்பது சதுரத்தையும் பத்து நாளுல தச்சுக் குடு. இடம் ஒனக்குத்தான்" என்றார்.

பத்து நாள். எனக்கு எட்டு நாளே போதும். தலையை ஆட்டியிருந்தால் முடிந்தது. மிஸ்ஸியம்மா கண்ணாலேயே கெஞ்சினார்.

"அந்தப் பெட்டித் துணி யாரு உடுத்துனதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா டீச்சரம்மா? அந்த ஊருல ஒருத்தியும் பிள்ள பெறலியா, ஒருத்தரும் சாகலியா? தூரத்துல இருந்து வந்தா சுத்தமா? நான் தைக்க மாட்டேன்."

ஈரப் போர்வையைத் தலையில் வைத்துக்கொண்டு தென்காசிக்கு நடந்தேன். தூரத்தில் தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரம் தெரிகிறவரை நிமிர்ந்துதான் நடந்தேன். அதன்பிறகு முடியவில்லை. ஓடையோரம் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வாயை அடக்கியிருக்கக் கூடாதா, பத்து நாள் தைத்தால் விரல் தேய்ந்தா போகும் என்று என்னையே ஏசிக்கொண்டேன். போர்வையை மறுபடி பிழிந்து தூக்கும்போது, தைத்திருக்கவே மாட்டேன் என்பதும் எனக்குத் தெரிந்தது.

அம்மா திட்டிய திட்டு மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். திட்டி முடித்ததும் போர்வையை வாங்கி உதறினாள். கொல்லைக் கயிற்றில் அல்ல, தெருவைப் பார்த்த கயிற்றில் காயப்போட்டாள். பெரிய வீட்டில் மூன்று வாரம் எங்களுக்கு அழுக்குத் துணி போடவில்லை. நாலாவது வாரம் மூட்டை தானாக வந்தது. வேறு வெள்ளாவிக்கு எங்கே போவார்கள்?

முதல் இடம் பெரிய வீட்டுப் பெண்ணுக்கே போயிற்று என்று கேள்விப்பட்டேன். மாமா ஆவணியில் நாள் பார்த்துவிட்டுப் போனார். அம்மா எனக்குச் சேலை எடுக்கப் புறப்பட்ட அன்று காலையில் மிஸ்ஸியம்மா எங்கள் தெருவுக்கு வந்தார். அவர் கையில் பாளையங்கோட்டை இடத்துக்கான தாள். பெரிய வீட்டில், எங்கள் வீட்டுப் பெண்ணா டீச்சர் வேலைக்குப் போவாள், வண்டியை விட்டு இறங்கவே விடமாட்டோம் என்று சொல்லி இடத்தைத் திருப்பிவிட்டார்களாம். அவர்களுக்குப் பெயர் போதும், படிப்பு வேண்டாம். பிறகு டீச்சரம்மாவே என் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறார். அந்தப் போர்வையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

புதுத் தாள் எடுக்கக்கூட டீச்சரம்மாவுக்கு மனம் வரவில்லை. பழைய தாளில் பெரிய வீட்டுப் பெண்ணின் பெயரைக் குறுக்காக ஒரு கோடு போட்டு அடித்து, மேலே என் பெயர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவ வேண்டாம்னு தள்ளுனதத்தான் எனக்குத் தாராவளா?" என்று தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

அம்மா என் கையைப் பிடித்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. தாளை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அந்தக் கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்தாள்.

"இது என்னட்டி?"

"அவ பேரு. அத அடிச்சிட்டு மேல எம் பேர எழுதியிருக்காவ."

அம்மா இன்னொரு தடவை அந்தக் கோட்டைத் தேய்த்துப் பார்த்தாள். அது போகவில்லை.

"குறி வெட்டியாச்சுல்லா," என்றாள். "இனி இது நம்மளுது. போயி மூட்டையக் கட்டு."